ஃபியூஸ் கட்டையும் போக மறுத்த டிரைவரும்

“ஒம் பொட்டி எதனால ஆத்தா படுத்துக்கிருச்சு?”

போன ஐப்பசி கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை என் மாமனார் கேட்ட கேள்வி இது. பொட்டி என்று அவர் சொல்வது என் லேப்டாப்பை. அப்போது அவர் தோளில் என் மகள் இருந்தாள். இரண்டு பேரும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். நான் ஒரு பதில் சொன்னேன். அது சரியான பதில் இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். சரியான பதில் எது, அதை எந்த வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. பாத்திரம் துலக்கும்போதும் பிள்ளைக்கு ஊட்டும்போதும் மனதுக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டு விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் சரிவரவில்லை.

நான் கணக்கு டீச்சர். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்த பிறகு வீட்டில் இருக்கிறேன். அவளுக்கு ஒன்றரை வயது. கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் இந்த வீட்டில் மாமனார், மாமியார், நான், பிள்ளை என்று நாலு பேர்.

என் இடத்துக்கு இப்போதைக்கு ஒரு தற்காலிக ஆள் வகுப்பெடுக்கிறார். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு சொன்னார். “ஒங்க எடத்த நிரந்தரமா யாருக்கும் குடுக்க மாட்டேன் டீச்சர். ஆனா பரீட்சைக் கேள்வித்தாள் மூணு வகுப்புக்கும் நீங்கதான் எடுத்துத் தரணும். நீங்க இன்னும் நம்ம ஸ்கூல் ஆளுதான்னு நானும் நிர்வாகத்துக்கிட்ட சொல்லணும்ல?” காலாண்டுக்குத் தட்டுத் தடுமாறிக் கொடுத்துவிட்டேன். அரையாண்டுக்கு அவர் சொன்ன கெடு வெள்ளிக்கிழமை மதியம். “வெள்ளிக்கெழம மதியத்துக்குள்ள கவர் என் மேசையில இருக்கணும். இல்லேன்னா எனக்கும் வேற வழி இல்ல டீச்சர்.” வேறு வழி என்றால் என்னவென்று அவர் விளக்கவில்லை. எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கேள்வித்தாளைப் பள்ளிக் கணினியில் ஏற்றக் கூடாது, வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்பது ஹெச்.எம். போட்ட சட்டம். ஆசிரியரே அச்செடுத்து, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடைவீதியில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக்காரரின் மகள் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே எப்படிக் கொண்டுபோவது? காலாண்டுக்கு ஆலங்குடி வரை பஸ்ஸில் போய் அச்செடுத்தேன். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, கடைக்காரப் பையன் எதையும் படித்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். அதைக் கேட்டு ஹெச்.எம்.முக்கே மனசு கேட்காமல், பள்ளியில் சும்மா கிடந்த ஒரு பழைய பிரிண்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாமனார்தான் அதைத் தன் டிவிஎஸ்ஸில் சாக்குப்பையில் கட்டிக் கொண்டுவந்தார்.

மாமனாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் வேலையை விடக் கூடாது என்று இந்த வீட்டில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். “படிச்ச புள்ள. அடுப்படியிலயே ஒக்கார வச்சா படிப்பு துருப்புடிச்சுப் போகும்” என்று மாமியாரிடம் சொன்னார். காலையில் நான் ஒரு மணி நேரம் தட்டச்சு செய்வதற்காகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போவார். அவர் இப்படிப்பட்டவராக இல்லாமல் இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியே இருந்திருக்காது. என்றைக்கோ முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்.

லேப்டாப் நான் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. வைரஸ் புகுந்து அது நகராமல் போனபோது கல்லூரித் தோழி ஒருத்தி பழையதை எல்லாம் துடைத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நன்றாகவே ஓடுகிறது. பேட்டரி மட்டும் செத்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த மாடலுக்கு இப்போது பேட்டரி வருவதில்லை என்கிறார்கள். பிளக்கில் இருந்தால் உயிர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் அந்த நொடியே திரை கறுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளை தூளியில் தூங்கியதும் உட்கார்ந்தேன். தூளியில் ஒரு கயிறு கட்டி அதன் மறுமுனையை என் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வது என் வழக்கம். கால் ஆட்டிக்கொண்டிருக்கும், கை வேலை செய்யும். கேள்வித்தாள்கள் தயார். பிரிண்டர் லேப்டாப்போடு பேச வேண்டும் என்றால் அதற்கான டிரைவர் என்கிற மென்பொருள் வேண்டும். கம்பெனியின் தளத்திலிருந்து போனில் இறக்கி, லேப்டாப்புக்கு மாற்றி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, நிறுவச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். கடவுச்சொல்லை மூன்றாம் தடவைதான் சரியாக அடித்தேன். வரிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. தெற்கே எங்கேயோ இடி உருண்டது.

இடி என்றால் எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னால், வாசல் தென்னையில் இடி விழுந்து டிவி, மிக்சி, மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் கருகிப் போனதாம். அன்றிலிருந்து இடிச் சத்தம் கேட்டால் மாமனார் எங்கே இருந்தாலும் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார். சுவிட்சை அணைத்தால் போதாது, அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிடுங்கிய கட்டையைப் பெட்டி மேலேயும் வைக்க மாட்டார். யாராவது அவசரப்பட்டுத் திரும்ப மாட்டிவிடுவார்கள் என்று வேட்டிக்கு உள்ளே பட்டாபட்டி டவுசர் பையில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவார். வானம் முழுதாக வெளுத்த பிறகுதான் கட்டை திரும்பி வரும்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. திரையில் ஏதோ ஒரு வரி பாதி ஓடியிருந்தது. ஃபேன் சத்தம் குறைந்தது. திரை கறுத்தது.

“மாமா!” என்று கத்திக்கொண்டு எழுந்தேன். கட்டைவிரல் கயிறு இழுத்ததில் தூளி வேகமாக ஆடிப் பிள்ளை விழித்து அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவர் குடையோடு தோப்புக்குள் போய்விட்டார்.

“எதுக்குடி இந்தக் கத்து கத்துற?” என்றார் மாமியார். “பிள்ள ஒதறிப்போச்சு பாரு.”

“பாதியில நின்னுருச்சு அத்தை.”

“நின்னா நிக்கட்டும். அது என்ன ஒலையில போட்ட அரிசியா, நின்னாக் கொழஞ்சு போறதுக்கு?”

அன்றைக்கு அவர் சொன்னதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன் என்பதுதான் உண்மை. ஆனால் அது உலையில் போட்ட அரிசியாகத்தான் இருந்தது. பாதி வெந்து நின்றுவிட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்து மாமனார் ஈரத் துண்டோடு வந்து கட்டையை மாட்டினார். “எல்லாம் பத்திரமா இருக்குல்ல?” என்று ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார். “இருக்கு மாமா” என்றேன்.

லேப்டாப் திறந்தது. கேள்வித்தாள்கள் இருந்தன. சாமியைக் கும்பிட்டுவிட்டு டிரைவரை மறுபடி நிறுவப் போனேன். முடியாது என்றது. முன்பு பாதியில் நின்ற வேலையை முதலில் முடி என்றது. முடிக்கச் சொன்னேன். பிழை. சரி, அதை நீக்கிவிடு என்றேன். இந்தப் பேக்கேஜ், அதாவது இந்த டிரைவர், மிக மோசமான நிலையில் இருக்கிறது, நீக்குவதற்கு முன்னால் இதை மறுபடி நிறுவ வேண்டும் என்றது. மறுபடி நிறுவு என்றேன். பழையது போகாமல் புதியது வர முடியாது என்றது. வேறு ஏதாவது ஒரு டிரைவரையாவது போடலாம் என்று பார்த்தேன். அதற்கும் அதே பதில். கெட்டுப்போன இந்த ஒன்று இருக்கும்வரை வேறு எதையும் உள்ளே விட மாட்டேன் என்கிறது. நீக்க வேண்டும் என்றால் நிறுவ வேண்டும், நிறுவ வேண்டும் என்றால் நீக்க வேண்டும். கணக்கில் இப்படி ஒரு பையன் எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். இங்கே யாரைச் சுழிப்பது?

மறுநாள் காலையில்தான் மாமனார் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் முகத்தைப் பார்த்தே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் ஃபியூஸைப் பிடுங்கியதால் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் தோளில் பிள்ளை அவர் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிரிண்டரை அவர் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தது ஞாபகம் வந்தது. அடுப்படியில் மாமியார் காது கொடுத்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. நான் உண்மையைச் சொன்னால் “நீங்கதான் மருமகளுக்கு வக்காலத்து வாங்குனீங்க, இப்பப் பழி ஒங்க தலையில” என்று அன்று முழுக்க ஓடும்.

“கரண்டுனால மாமா. ஏத்த எறக்கம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “நெனச்சேன்” என்றார். அவ்வளவுதான். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு மீட்டர் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் டெர்மினல்தான். இணையத்தில் யார் யாரோ சொன்ன கட்டளைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அடிப்பதற்கு முன்னால் இது வேறு எதையாவது அழித்துவிடுமோ என்று பயம். அடித்த பிறகு அடித்திருக்கக் கூடாதோ என்று பயம். கேள்வித்தாள்களை ஒரு பென்டிரைவில் எடுத்து அரிசி டப்பாவில் வைத்தேன். பிறகு பிள்ளை அதை எடுத்து வாயில் வைத்துவிடுவாளோ என்று பீரோவுக்கு மாற்றினேன். செவ்வாய் சாயங்காலம் பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டது. “ரெண்டு நாளாப் பொட்டியவே பாத்துக்கிட்டு ஒக்காந்தா பிள்ளைக்கு ஒடம்பு சுடாம என்ன செய்யும்?” என்றார் மாமியார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று படித்தவளுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. ஆனாலும் இவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆலங்குடி வரை பஸ்ஸில் போய் அச்செடுக்க மனசு வரவில்லை.

லினக்ஸ் போட்டுக் கொடுத்த தோழி இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். செவ்வாய் சாயங்காலம் பிழைச் செய்தியைப் படமெடுத்து அனுப்பினேன். குரல் பதிவாகப் பதில் வந்தது.

“ஏய் லூசு, இத ஞாயித்துக்கெழமையே அனுப்பியிருக்கலாம்ல? நல்லாக் கேளு. ஒவ்வொரு பேக்கேஜும் உள்ள வரும்போதே, நான் போறப்ப என்னென்ன செய்யணும்னு ஒரு சீட்டு எழுதி வச்சுட்டுத்தான் வரும். ஒன்னோடது அந்தச் சீட்டுல எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது. அந்தச் சீட்டத் தொறந்து படி. நீதான் எல்லாத்தையும் ரெண்டு தடவ படிக்கிறவளாச்சே.”

எந்த ஃபோல்டரில் அது இருக்கும் என்று அடுத்த பதிவில் சொன்னாள்.

புதன்கிழமை மதியம் அந்தச் சீட்டைத் திறந்தேன். இருபது, இருபத்திரண்டு வரி இருக்கும். எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் கணக்கு போலத்தான் இருந்தது. இது நடந்தால் இது செய், நடக்கவில்லை என்றால் நிறுத்து. மெதுவாகப் படித்ததில் ஒன்று பிடிபட்டது. பிரிண்டருக்காகப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், சேவை எனப்படும் ஒரு சின்ன புரோகிராமை முதலில் நிறுத்த வேண்டும், அதை நிறுத்தினால்தான் மற்றது நடக்கும் என்று எழுதியிருந்தது. அந்தச் சேவைக்கான ஃபைலைத் தேடிப் போய்ப் பார்த்தேன். பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வெறுமை. கரண்டு போன நேரத்தில் அது எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆரம்பிக்கவே இல்லாத ஒன்றை நிறுத்தச் சொல்லி மூன்று நாளாக அது என்னிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

தோழியிடம் சொன்னேன். “அதேதான். சீட்டோட மேல ரெண்டாவது வரியில எக்ஸிட் ஸீரோன்னு எழுதிரு. எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது, ஒரு கொறையும் இல்லேன்னு அர்த்தம். நம்பிட்டுக் கெளம்பிரும்” என்றாள்.

“ஒண்ணும் முடியலையேடி. முடிஞ்சுதுன்னு எழுதலாமா?”

“நீ என்ன கோர்ட்டுலயா சாட்சி சொல்ற? எழுதித் தொலைடி.”

எனக்குக் கை வரவில்லை. வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. பின்னால் வேண்டியிருக்குமோ என்று அந்தச் சீட்டு முழுவதையும் நோட்டில் பென்சிலால் பார்த்து எழுதினேன். ஒரு புள்ளி, ஒரு கோடு விடாமல் எழுதி, எழுதியதைச் சரிபார்த்தேன். அப்படியே காப்பி எடுத்து வைத்திருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது. அதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. இரண்டாவது வரியில் எழுதி, சேமிக்கப் போகும்போது திரை கறுத்தது.

இந்தத் தடவை இடியே இடிக்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் ஆவுடையார்கோவில் பக்கம் மட்டும் மேகம் கொஞ்சம் திரண்டிருந்தது. மாமனார் மீட்டர் பெட்டியைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“இன்னும் இடிக்கவே இல்லையே மாமா?”

“இடிச்சப்புறம் புடுங்கி என்ன புண்ணியம் ஆத்தா? நீதான சொன்ன, ஏத்த எறக்கத்துல ஒம் பொட்டி போச்சுன்னு. அன்னைக்கி நான் வாரதுக்கு லேட்டாயிருச்சு. அதான் இன்னைக்கி மேகம் கூடுனப்பவே வந்துட்டேன்.” டவுசர் பையைத் தட்டிக் காட்டினார். “ஒம் பொட்டிக்காவத்தான்.”

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது சொன்னால் திங்கட்கிழமை பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “சரி மாமா” என்று உள்ளே போனேன். அன்று மழை பெய்யவே இல்லை. சாயங்காலம் மாட்டுக்குத் தவிடு வைத்த பிறகுதான் கட்டை வந்தது. அதற்குள் பிள்ளை எழுந்துவிட்டாள், ராத்திரி முழுக்க என் மடியை விட்டு இறங்கவில்லை.

அன்று என் கணவர் போன் செய்தபோது அவரிடம் மட்டும் சொன்னேன். “அப்பாகிட்ட நான் பேசவா?” என்றார். பிறகு அவரே, “வேணாம். நான் இங்கிட்டு இருந்து சொன்னா நீ ஏத்திவிட்டுச் சொல்ற மாதிரி நெனப்பாரு. நீயே பக்குவமாச் சொல்லு” என்றார். பக்குவம் என்பது எது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கே இருட்டிவிட்டது. காற்று ஒரு மாதிரி குளிர்ந்து வந்தது. பிள்ளை அன்று சீக்கிரமே தூங்கிவிட்டாள். மறுநாள் மதியம் கெடு. மாமனார் வாசலில் வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை மீட்டர் பெட்டிக்குப் போவதற்கு முன்னால் என் வாய் முந்திக்கொண்டது.

“மாமா, பாப்பாவுக்குச் சளி மருந்து தீந்துபோச்சு. கீரமங்கலம் வரைக்கும் போயிட்டு வாறீங்களா?”

மருந்து தீரவில்லை. பாதி பாட்டில் ஷெல்பில் இருந்தது.

“இப்பவா?” என்று வானத்தைப் பார்த்தார். பிறகு, “நெஞ்சுச் சளியா?” என்றார்.

“லேசா.”

வேறு ஒன்றும் கேட்கவில்லை. மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு டிவிஎஸ்ஸை எடுத்தார். கேட்டைத் தாண்டும்போது திரும்பி, “இடிச்சா நீயே பீசு கட்டையப் புடுங்கிரு ஆத்தா. மேல இருக்கிறது. பயப்படாத” என்றார்.

வண்டிச் சத்தம் மறைந்ததும் உள்ளே ஓடினேன். அந்தச் சீட்டைத் திறந்து இரண்டாவது வரியில் எழுதினேன். சேமித்தேன். நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அது ஒரு கணம் யோசித்தது போல நின்றது. பிறகு நீக்கப்படுகிறது என்றது. அடுத்த வரியில் ஒன்றுமே நடக்காதது போல, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறி வந்து நின்றது. நான்கு நாளாக அசையாமல் இருந்தது எந்தச் சத்தமும் இல்லாமல் போய்விட்டது. நம்பாமல் அதன் பெயரைத் தேடிப் பார்த்தேன். இல்லை. மறுபடி தேடினேன். இல்லை.

புதிதாக டிரைவரைப் போட ஆரம்பித்தேன். வரிகள் ஓடும்போதே முதல் இடி விழுந்தது. சாதாரண இடி இல்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிள்ளை சிணுங்கினாள். காலை ஆட்டிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து மின்னல், அடுத்து இடி. மாமியார் அறை வாசலில் வந்து நின்றார்.

“பீசு புடுங்கலையா?”

“இதோ அத்தை. ரெண்டு நிமிஷம்.”

“அந்த மனுசன் இந்நேரம் பாலத்துக்கிட்டப் போயிருப்பாரு” என்றார், என்னிடம் சொல்வது போல இல்லாமல். நின்றார். நான் எழவில்லை. பிரிண்டர் முனகியது. முதல் பக்கம் மெதுவாக வந்தது. மூன்று கேள்வித்தாள், பன்னிரண்டு பக்கம். அந்தப் பழைய பிரிண்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு இடிக்கும் எனக்கு வீடு கருகுவது போல ஒரு படம் மனதில் வரும். தூளி, பிள்ளை, கம்பி. அதோடு வெட்டவெளியில் டிவிஎஸ்ஸில் ஒருவர். அப்போதும் நான் எழவில்லை. எட்டாம் வகுப்பின் கடைசிப் பக்கம் வந்த பிறகுதான் எழுந்து எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன். ஃபியூஸ் கட்டையைத் தொடப் பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.

அவர் வந்தபோது மழை விட்டிருந்தது. மழைச்சட்டையை மீறி உடம்பெல்லாம் நனைந்திருந்தது. பிளாஸ்டிக் பையில் மூன்று முடிச்சுப் போட்டு மருந்து பாட்டிலை நனையாமல் கொண்டுவந்திருந்தார். கூடவே பிள்ளைக்கு ஒரு பன்.

“நல்ல இடி. ரோட்டோரத்துல ரெண்டு எடத்துல ஒதுங்கி நின்னேன்” என்றார். பிறகு, “பீசு புடுங்குனியா ஆத்தா?”

மாமியார் அடுப்படி நிலையில் நின்று என்னைப் பார்த்தார்.

“புடுங்கினேன் மாமா” என்றேன்.

“கெட்டிக்காரி” என்றார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு போனார். மாமியார் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கவர் ஹெச்.எம். மேசையில் இருந்தது. அவர் ஒட்டிய இடத்தைத் திருப்பிப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், பீரோவில் வைத்துப் பூட்டினார். “தெரியும் டீச்சர், நீங்க குடுத்துருவீங்கன்னு. முழு ஆண்டுக்கும் நீங்கதான். அதுக்கப்பறம் ஜூன்ல வந்துருங்க” என்றார். நான்கு நாள் எதற்காகக் கிடந்து தவித்தேனோ அது கிடைத்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஜன்னலோரம் தலையைச் சாய்த்ததும் தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தேன்.

மாமனாருக்கு அந்த மழையில் பிடித்த சளி மூன்று வாரம் விடவில்லை. பிள்ளைக்கு என்று வாங்கி வந்த மருந்து பிரிக்கப்படாமல் ஷெல்பில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்துப் பின்னால் தள்ளி வைக்கிறேன். நோட்டில் பென்சிலால் எழுதிய அந்தச் சீட்டும் அப்படியே இருக்கிறது. கிழிக்கலாமா, வேண்டியிருக்குமா என்று தெரியவில்லை.

முழு ஆண்டுக் கேள்வித்தாள் பங்குனியில் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் கோடை மழை இடியோடுதான் வரும். மாமனார் இப்போது மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்திருக்கிறார். என் பொட்டியைக் காப்பாற்றுவதற்காக. மேகம் கறுத்தால் பிள்ளை கூட “தாத்தா, பீசு” என்கிறது. அவர் சிரித்துக்கொண்டு எழுகிறார்.

இதைப் படிக்கிறவர்களில் மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு வேலையும் பார்க்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒருவர் செய்கிற காரியம்தான் நம்மைக் கெடுக்கிறது என்பதை, அவர் மனசு நோகாமல் எப்படிச் சொல்வீர்கள்? முதல் நாளே சொல்லாமல் விட்டு, அதன்மேல் மூன்று பொய்யும் சொல்லியாகிவிட்டது. இப்போது எந்த இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்? மருந்து பாட்டிலில் இருந்தா, ஃபியூஸ் கட்டையில் இருந்தா? அல்லது எதுவும் சொல்லாமல், இடி இல்லாத நாளாகப் பார்த்து வேலையை முடித்துக்கொள்வதுதான் நல்லதா? உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள், அது சரியாக வந்ததா என்று எழுதுங்கள். பங்குனிக்கு முன்னால் எழுதினால் உதவியாக இருக்கும்.